சாட்டையைத் தூக்கி எறிந்த சர்க்கஸ்காரர்

நாய்க்குட்டி ஒன்றை உட்காரப் பழக்க வேண்டும். என்ன செய்வது? இடுப்பை அழுத்தி, அதட்டி, கேட்காவிட்டால் இரண்டு அடி போட்டு உட்கார வைப்பது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு ரொட்டித் துண்டை அதன் மூக்குக்குச் சற்று மேலே பிடித்து, மெல்லப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ரொட்டியைப் பார்ப்பதற்காகக் குட்டி தலையை நிமிர்த்தும். தலை பின்னால் சாயச் சாய, பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்த நொடியிலேயே ரொட்டியைக் கொடுத்துவிட வேண்டும். சில தடவை செய்தால் குட்டிக்கு விஷயம் விளங்கிவிடும்.

இப்போது பெரிய நகரங்களில் நாய்க்குட்டிகளுக்கென்றே வகுப்புகள் நடக்கின்றன. அங்கே சொல்லித் தருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைத்தான். இது ஏதோ புது நாகரிகம் என்று நினைப்பவர்கள் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழியைக் கையாண்டு, ரஷ்யா முழுவதும் பெயர் வாங்கிய ஒரு சர்க்கஸ் கோமாளி இருந்தார். அவர் பெயர் விளாதிமிர் துரோவ்.

துரோவ் 1863-ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். பிரபு வம்சம். நெப்போலியன் படையெடுப்பின்போது ஆண் வேடமிட்டுக் குதிரைப் படையில் போரிட்ட நதேழ்தா துரோவா என்ற வீராங்கனை இந்த வம்சத்தில் வந்தவர்தான். ஆனால் விளாதிமிருக்கும் அவருடைய தம்பி அனதோலிக்கும் வம்சப் பெருமையால் ஒரு சுகமும் கிடைக்கவில்லை. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார்கள். ஞானத் தந்தையான ஜகாரோவ் என்ற வக்கீல் இருவரையும் எடுத்து வளர்த்தார். பையன்கள் ராணுவ அதிகாரிகளாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ராணுவப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

கொட்டகையில் நடந்தது

அந்தப் பள்ளியில்தான் துரோவின் வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் நடந்தது. பின்னாளில் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகத்தில் அவரே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பள்ளிப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாயை வளர்த்தார்கள். பெயர் ழூச்கா. நம் ஊரில் மணி, ராஜா என்று நாய்க்குப் பெயர் வைக்கிற மாதிரி, ரஷ்யாவில் தெருவுக்கு ஒரு ழூச்கா உண்டு. சாப்பாட்டில் மிஞ்சியதைப் போட்டு, அதோடு விளையாடிப் பையன்கள் பொழுதைப் போக்கினார்கள். அப்போது விடுதிக் காவலாளி தனக்கென்று ஒரு நாய் வாங்கினார். அதன் பெயரும் ழூச்காதான். தன் நாயைச் சீராட்டிய அந்த மனிதர், பையன்களின் நாயைக் கண்டாலே அடித்து விரட்டினார். ஒரு நாள் அதன்மீது கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டார். விலாவில் தோல் உரிந்து போயிற்று.

பையன்களுக்குக் கோபம் தலைக்கேறியது. பழிக்குப் பழியாகக் காவலாளியின் நாயைக் கொன்றுவிடுவது என்று தீர்மானித்தார்கள். அந்தப் பொறுப்பு சிறுவன் துரோவின் தலையில் விழுந்தது.

நாய் அவனை நம்பிக் கொட்டகைக்குள் கூடவே வந்தது. கழுத்தில் கயிற்றை மாட்டி உத்திரத்தில் போட்டு இழுத்தான். நாய் துடித்ததைப் பார்த்ததும் கை தளர்ந்து கயிற்றை விட்டுவிட்டான். பிறகு, அதன் வேதனையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு கல்லை எடுத்து எறிந்தான். அது நாய்மீது பட்டது. அவன் ஓடிப்போய்விட்டான். அதன் பிறகு காய்ச்சல் கண்டு படுத்த படுக்கையானான்.

ஆனால் நாய் சாகவில்லை. உடம்பு தேறி எழுந்து வந்த பையன் ஒரு நாள் அதை நேரில் பார்த்தான். நாய் அவனைக் கண்டு ஓடவும் இல்லை, கடிக்கவும் இல்லை. அருகில் வந்து வாலை ஆட்டியது.

அடிபட்டவன் திருந்திய கதைகள் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இங்கே அடித்தவன் திருந்தினான். துரோவை ஒரு மகானாகச் சித்தரிக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ இதைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய பிற்கால வேலையைப் புரிந்துகொள்ள முடியாது என்றே தோன்றுகிறது.

ஓடிப்போன பையன்

துரோவுக்குப் பாடத்தைவிடக் கரணம் போடுவதில்தான் ஆர்வம். ஒரு தடவை மத போதனைப் பரீட்சைக்குத் தலைகீழாகக் கைகளால் நடந்து வந்தார். பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். வக்கீல் வீட்டில் அதன் பிறகு நிம்மதி ஏது? வீட்டை விட்டு வெளியேறி, மாஸ்கோவுக்கு அருகே கிளின் என்ற ஊரில் ஒரு சின்னக் கூடாரக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டார். சுவரொட்டி எழுதுவது, டிக்கெட் கொடுப்பது, கோமாளி வேஷம் என்று எல்லா வேலையும் பார்க்கவேண்டிய இடம் அது. அதற்குப் பிறகு மாஸ்கோவில் விங்க்ளர் என்பவரின் மிருகக் காட்சியில் சேர்ந்தார். விலங்குகளோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது.

அந்தக் காலத்துச் சர்க்கஸில் மிருகங்களைப் பழக்கிய விதத்தைச் சொன்னால் சோறு இறங்காது. சாட்டை, இரும்புக் கம்பி, பட்டினி இவைதான் வாத்தியார்கள். கூண்டில் இருக்கும் மிருகம் மனிதனைக் கண்டு நடுங்கினால்தான் பாதுகாப்பு என்று நம்பினார்கள். நாய்களுக்கும் இதே கதிதான். ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் என்ற அதிகாரி 1910-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுப்பதும் பலவந்தமும் அதில் முக்கிய இடம் பெற்றன. பல நாடுகளில் அதுவே நெடுங்காலம் நாய்ப் பயிற்சிக்கு அடிப்படையாக இருந்தது.

துரோவ் இதற்கு நேர் எதிரான பாதையில் போனார். காரணம் இரக்கம் மட்டுமல்ல. பயந்து நிற்கும் மிருகம் எதையும் கற்றுக்கொள்ளாது, தப்பிக்க வழி தேடுவதிலேயே அதன் மூளை முழுவதும் இருக்கும் என்று அவர் கண்டுகொண்டார். ஆகவே முதலில் பயத்தைப் போக்கினார். கையிலிருந்து தீனி வாங்கித் தின்னப் பழக்கினார். பிறகு, அந்தப் பிராணி இயற்கையாகவே என்ன செய்கிறது என்று கவனித்தார். முயல் முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். அதற்கு எதிரே ஒரு முரசை வைத்தால் முரசு வாசிக்கும் முயல் தயார். ராக்கூன் என்ற அமெரிக்கப் பிராணி எது கிடைத்தாலும் தண்ணீரில் அலசும். அதனிடம் துணியைக் கொடுத்து, சலவைக்காரி வேஷம் கட்டிவிட்டார். விரும்பிய அசைவு வந்ததும் ஒரு துண்டுத் தீனி. வராவிட்டால் தீனி இல்லை, அவ்வளவுதான். அடி கிடையாது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் செய்து பார்த்தால்தான் இதில் உள்ள கஷ்டம் தெரியும். தீனி ஒரு கடலைப் பருப்பு அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. வயிறு நிரம்பிவிட்டால் பாடம் முடிந்தது. சரியான செயலுக்கும் தீனிக்கும் நடுவே சிறிது தாமதித்தாலும் நாய் அதற்குள் எழுந்து நின்றிருக்கும். அப்போது நாம் கூலி கொடுப்பது எழுந்ததற்குத்தான், உட்கார்ந்ததற்கு அல்ல. ஒரு பெரிய வித்தையைப் பத்துச் சின்ன வித்தைகளாக உடைக்கத் தெரிய வேண்டும். கையை ஓங்கி ஒரு அடி போட இவ்வளவு யோசனை தேவையில்லை. சாட்டைக்காரர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைப்பது இதனால்தான்.

துரோவ் ஒரு பன்றியைப் பலூனிலிருந்து பாராசூட்டில் குதிக்க வைத்தார். அலாரம் கடிகாரம் அடித்ததும் உயரத்திலிருந்து குதித்தால் தீனி கிடைக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருந்தார். வானத்தில் அலாரம் அடித்தது, பன்றி குதித்தது, பத்திரமாக இறங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனாலும் அந்தப் பன்றியைக் கேட்டுவிட்டா ஏற்றினார்கள் என்ற கேள்வி இன்று எழத்தான் செய்யும். நம் நாட்டில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டக்கூடாது என்று 1998-இல் மத்திய அரசு அறிவித்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. துரோவ் சாட்டையைத்தான் ஒழித்தார், கூண்டை அல்ல.

பிக்கி என்ற நாய்

1912-இல் மாஸ்கோவில் பழைய போழெதோம்கா தெருவில் இருந்த தன் வீட்டையே விலங்குகளின் அரங்கமாகத் திறந்தார் துரோவ். துரோவின் மூலை என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் குழந்தைகளுக்கான காட்சி, ஒரு பக்கம் மிருகக் காட்சி, இன்னொரு பக்கம் ஆராய்ச்சி. அந்தக் காலத்து ரஷ்யாவில் நாய்களைக் கொண்டு நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தவர்களில் பெரிய பெயர் பாவ்லோவ். ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்குச் சமமாகப் பேசப்பட்ட பெஹ்தெரெவ் என்ற நரம்பியல் மேதை துரோவின் நாய்களை நேரில் சோதித்தார்.

பிக்கி என்ற சின்ன டெரியர் நாயின் முகத்தைத் துரோவ் இரு கைகளிலும் ஏந்தி, அதன் கண்களை உற்றுப் பார்த்து, ஒரு காரியத்தை மனதுக்குள் நினைப்பார். வாய் திறக்க மாட்டார். நாய் ஓடிப்போய் அந்தக் காரியத்தைச் செய்யும். எண்ணமே நாயின் மூளைக்குள் பாய்கிறது என்று துரோவ் நம்பினார். பெஹ்தெரெவும் அதைப் பொருட்படுத்திக் கட்டுரை எழுதினார்.

இந்த இடத்தில் துரோவுடன் நாம் ஒத்துப்போக முடியாது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குப் போடுகிறது என்று ஊரே வியந்தது. கேள்வி கேட்பவரின் தலையில் தோன்றும் மிக நுண்ணிய அசைவைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907-இல் பிஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துச் சொன்னார். பிக்கியும் அப்படித்தான் தன் எஜமானின் கண்ணையும் முகத்தையும் படித்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கணக்குப் போட்டுக் குரைக்கும் நாய் ஒன்று துரோவிடமே இருந்தது. போதும் என்கிற இடத்தில் அவர் நகத்தைச் சுண்டி, நாய்க்கு மட்டும் கேட்கும்படி ஒரு சின்ன ஓசை எழுப்புவார். குரைப்பு நின்றுவிடும். அந்த ரகசியத்தை அவரே வெளியிட்டார். தெரிந்து கொடுத்த சைகையை ஒப்புக்கொண்டவர், தெரியாமல் கொடுத்த சைகையை எண்ண அலை என்று நம்பிவிட்டார்.

புரட்சிக்குப் பிறகு 1919-இல் அந்த இடம் அரசுடைமை ஆயிற்று. ஆனால் பொறுப்பு அவரிடமே இருந்தது. அங்கேயே குடியிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1924-இல் பிராணிகளைப் பழக்குவது பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். 1927-இல் அவர் வசித்த தெருவுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். 1934-இல் மாஸ்கோவில் காலமானார். தம்பி அனதோலி அவருக்கு முன்பே 1916-இல் இறந்துவிட்டார். அவரும் புகழ்பெற்ற கோமாளிதான். அசல் துரோவ் யார் என்று அண்ணன் தம்பி இருவரும் சுவரொட்டிகளில் சண்டை போட்டுக்கொண்டது தனிக் கதை.

குட்டிகளுக்கு வந்த வகுப்பு

மேல்நாட்டில் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் எலிகளையும் புறாக்களையும் வைத்து, பலன் கிடைக்கும் செயலைப் பிராணி திரும்பத் திரும்பச் செய்யும் என்பதை அளந்து காட்டினார். அவருடைய மாணவர்களான பிரிலண்ட் தம்பதியர் 1940-களில் அதைத் தொழிலாகவே நடத்தினார்கள். டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984-இல் எழுதிய புத்தகம் நாய் வளர்ப்பவர்களிடையே பரவியது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு கிளிக்கரை அழுத்தி ஓசை எழுப்பி, உடனே தீனி கொடுக்கும் முறை அதற்குப் பிறகு வேரூன்றியது. துரோவின் நகச் சுண்டல் நிறுத்து என்றது. இந்த ஓசை சரி, கூலி வருகிறது என்கிறது.

அதுவரை பயிற்சி என்றால் நாய்க்கு ஆறு மாதம் ஆக வேண்டும் என்பார்கள். சங்கிலியைச் சுண்டி இழுத்தால் பிஞ்சுக் கழுத்து தாங்காது என்பது ஒரு காரணம். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் குட்டி உலகத்தோடு பயமின்றிப் பழகக் கற்றுக்கொள்ளும் பருவம். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பருவத்தின் முக்கியத்துவம் விளக்கப்பட்டது. ஆறு மாதம் காத்திருந்தால் அது கைநழுவிப் போய்விடும். தீனியால் பழக்குவதானால் காத்திருக்க அவசியமே இல்லை. 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் குட்டிகளுக்கென்றே சங்கிலி இல்லாத வகுப்புகளை ஆரம்பித்தார். இப்போது நம் நகரங்களில் நடப்பவை அந்த வழியில் வந்தவை.

மாஸ்கோவில் துரோவ் தெருவில் அந்த விலங்கு அரங்கம் இன்னும் இருக்கிறது. குழந்தைகள் அங்கே முக்கியமாகப் பார்ப்பது எலி ரயில். சின்னஞ்சிறு ஸ்டேஷன், தண்டவாளம், பெட்டிகள் எல்லாம் உண்டு. ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை. ரயில் வந்து நின்றதும் சுண்டெலிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பெட்டிகளில் ஏறுகின்றன. விரட்டுவதற்கு யாரும் இல்லை. பெட்டிக்குள் தீனி இருக்கிறது.