ஒளியில் தெரிந்த உள்ளம்

நுழையும்முன்
கைப்பேசியைத் தொட்டவுடன் முகம் படமாகிவிடும் காலம் இது. ஒரு படத்திற்காகப் பல நிமிடங்கள் அசையாது அமர்ந்திருக்க வேண்டியிருந்த காலமும் உண்டு. அக்காலத்தில், நாற்பத்தெட்டாம் அகவையில் ஒளிப்படக் கருவியைக் கையிலெடுத்து, உருவப்படக் கலைக்குப் புதுவழி கண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். அவருடைய வாழ்வையும் கலையையும் அறிவோம்.

பிறப்பும் இளமையும்
ஜூலியா, 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். தாய் பிரெஞ்சு மரபினர். ஜூலியாவின் இளமைக் கல்வி பெரும்பாலும் பிரான்சில் அமைந்தது. 1838இல், சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரூனை மணந்தார். அறிவியலறிஞர் ஜான் ஹெர்ஷல் அவருடைய நெடுநாள் நண்பர். புதிதாகத் தோன்றிய ஒளிப்படக் கலையை ஜூலியாவுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. 1848இல் இங்கிலாந்துக்குச் சென்ற கேமரூன் குடும்பம், 1860இல் வைட் தீவின் பிரஷ்வாட்டர் என்னும் ஊரில் குடியேறியது. கவிஞர் டென்னிசன் அவர்களுடைய அண்டை வீட்டார்.

கருவி வந்த வேளை
1863ஆம் ஆண்டு இறுதியில், மகளும் மருமகனும் ஒளிப்படக் கருவியொன்றைப் பரிசளித்தனர். ஜூலியா நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார். கோழிகளின் கண்ணாடிக் கூடத்தைப் படக்கூடமாக்கினார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலரும் முன்னரே படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். சற்றே தாமதித்தாலும் உழைப்பு வீணாகிவிடும். இத்தகைய கடினப் பணியைத் தாமே பழகித் தேர்ந்தார். 1864 சனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தது. அப்படத்தை அச்சிறுமியே உருவாக்கித் தந்ததாக எண்ணி மகிழ்ந்து, வீடெங்கும் தேடிப் பரிசுகள் அளித்தார்.

உள்ளுணர்வே அளவுகோல்
அக்கால ஒளிப்படக் கலைஞர்கள் ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரிவதையே திறமையாகக் கருதினர். ஜூலியாவோ, வில்லையைத் திருப்புகையில் தம் கண்ணுக்கு அழகு புலப்பட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவார். அதனால் அவர் படங்கள் மென்மையாக மங்கியிருந்தன. சிலவற்றில் கீறலும் கைரேகையும்கூட இருந்தன. ஒளிப்படச் சங்கத்தார் அவற்றைக் குறைகள் என்றனர். அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. முகத்தின் வடிவோடு உள்ளத்தின் இயல்பையும் பதிவு செய்வதே அவர் நோக்கம்.

1867இல் ஹெர்ஷலைப் படமெடுத்தபோது, இருண்ட பின்புலத்தில் முகத்தை மட்டும் ஒளியில் நிறுத்தினார். கலைந்த வெண்முடியும் ஆழ்ந்த விழிகளும் ஓர் ஆராய்ச்சி வாழ்வையே உணர்த்துகின்றன. டென்னிசன், கார்லைல், டார்வின் ஆகியோரும் அவர் கருவிமுன் அமர்ந்தனர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர், அவருடைய பல படங்களில் அன்னை மரியாளாகத் தோன்றினார். 1865இலேயே இலண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் ஜூலியாவின் படங்களை விலைகொடுத்து வாங்கியது.

இலங்கையில் இறுதிக்காலம்
கேமரூன் குடும்பத்திற்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் கணவருடன் அங்குக் குடிபெயர்ந்த ஜூலியா, தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்மக்களையும் படமெடுத்தார். அவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று அறியப்படுகின்றன. 1879இல் இயற்கை எய்திய அவரது உடல் மலையகத்தின் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. இங்கிலாந்தில் அவர் எடுத்த அறிஞர்களின் படங்கள் அவர்தம் பெயர்களோடு நிலைத்துள்ளன. இலங்கையில் அவர்முன் நின்றோருள் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. குடியானவர் என்பது போன்ற பொதுப்பெயர்களே எஞ்சின. ஒருவரின் உள்ளத்தை முகத்தில் காண முயன்ற கலைஞரும் தம் காலத்தின் ஏற்றத்தாழ்விலிருந்து முற்றிலும் விடுபடவில்லை. எனினும், அம்முகங்கள் இன்றும் நம்மை நேராக நோக்குகின்றன. மாணவர்களே! நீங்கள் ஒருவரைப் படமெடுக்கும்போது, அவருடைய பெயரையும் கேட்டறிந்து குறித்து வையுங்கள். முகமும் பெயரும் சேர்ந்ததே ஒருவரின் அடையாளம்.