பேச வராத பாரிஸ்டர்

தோட்டத் தோழர்களே!

ஆள் நல்லவன்தான், ஆனா கூட்டத்துல பேச வராதே என்று சொல்லி எத்தனை பேரைக் கிளைத் தேர்தலில் ஒதுக்கியிருக்கிறோம்! அப்படிப் பேச வராத ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

1888இல் சட்டம் படிக்க லண்டன் போனார் காந்தி. அங்கே சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ஒருமுறை தம் கருத்தை எழுதிக் கொண்டுபோயும் படிக்கத் துணிவில்லை, வேறொருவர் படித்தார். ஊர் திரும்பி, பம்பாயில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

1893இல் தென்னாப்பிரிக்கா போனார். முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் நிறத்துக்காக ரயிலிலிருந்து தள்ளினார்கள். அதன்பின் பிரிட்டோரியாவில் இந்தியரைக் கூட்டி, நன்றாகத் தயார் செய்துகொண்டு பேசினார். வியாபாரத்தில் நேர்மை வேண்டும், குறைகளை எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்றார். நாக்கு தடுமாறவில்லை. தன்னைப் பற்றிய நினைப்பு போய், சொல்ல வேண்டிய சங்கதி முன்னால் நின்றது. கூச்சமும் அங்கேதான் விலகியது.

1894இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழர் அவரிடம் வந்தார். நம் பாட்டன்மாரைப் போல ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தம். முண்டாசைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். காந்தி முதலில் முண்டாசைக் கட்டச் சொன்னார். தமிழ்க் கிராணி மொழிபெயர்க்க, முழுதும் கேட்டார். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறிடம் மாற்றியும் விட்டார். இந்தச் செய்தி கூலிகளிடையே பரவியது. அவர்களும் அவரைத் தேடி வந்தார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலையில் 3 பவுன் வரி சுமத்தப்பட்டது. அதை எதிர்த்து 1913இல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். 1914இல் வரி ஒழிந்தது.

கூச்சமே தம்மைச் சொற்களை எண்ணிப் பேச வைத்தது என்று பின்னாளில் காந்தி எழுதினார்.

தோழர்களே, மைக்கைப் பிடிக்கிறவன் மட்டும் தலைவன் இல்லை. அடிபட்டவன் சொல்வதைக் கடைசிவரை கேட்டு, காகிதத்தைச் சேர்த்து, கூடவே நடந்து போகிறவனும் தலைவன்தான். பேச்சு தானா வரும். கூச்சப்பட்டு ஒதுங்காதீங்க, அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருங்க!