டிகிரி வாங்காத புரொபசர்

அரியர் வச்சிருக்கிற நண்பர்களே, இந்த மாசம் உங்களுக்காகவே ஒரு ஆளைப் பிடிச்சிருக்கேன். பேர் பேட்ரிக் கெடிஸ். 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோ யுனிவர்சிட்டியில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார், ஒரே வாரத்தில் பிடிக்காமல் கிளம்பிட்டார். லண்டனுக்குப் போய் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கத்துக்கிட்டார். கடைசி வரைக்கும் ஒரு டிகிரிகூட வாங்கலை. ஆனா 1888-ல் டண்டீயில் தாவரவியல் புரொபசர் ஆனார். 1919-ல் பாம்பே யுனிவர்சிட்டியில் சமூகவியல் புரொபசர். நீங்க இதை வீட்டில் காட்டி வாதாட வேண்டாம், அந்தக் காலம் வேற.

25 வயசில் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனார். அங்கே கண் பாதிச்சு, வாரக்கணக்கா இருட்டு அறையில் கிடந்தார். மைக்ராஸ்கோப்பில் வாழ்க்கையை ஓட்டலாம்னு நினைச்சவருக்கு அது எவ்வளவு பெரிய அடி, யோசிச்சுப் பாருங்க. பார்வை திரும்ப வந்தது, ஆனா முன்ன மாதிரி மணிக்கணக்கா லென்ஸில் பார்க்க முடியலை. செடியையும் பூச்சியையும் அதது வாழுற இடத்தோடு சேர்த்துப் பார்த்த அந்தப் பழக்கத்தை மனுஷங்க பக்கம் திருப்பினார். மனுஷன் வாழுற இடம் ஊர்தானே?

1886-ல் அன்னா மார்ட்டனைக் கல்யாணம் பண்ணினார். புதுசா கல்யாணம் ஆன ஜோடி எங்கே குடி போனாங்க தெரியுமா? எடின்பரோ பழைய நகரத்தில், இடிஞ்சு நாறிக்கிட்டிருந்த ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்புக்கு. அக்கம்பக்கத்து ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டு சுத்தம் செஞ்சாங்க, வெள்ளை அடிச்சாங்க, காலியா கிடந்த சின்னச் சின்ன இடத்தில் செடி வச்சாங்க. அடுத்த வருஷமே மாணவர்கள் தாங்களே நடத்துற ஹாஸ்டல் ஒண்ணை ஆரம்பிச்சார். (வார்டன் இல்லாத ஹாஸ்டல். படிச்சிட்டு பெருமூச்சு விடாதீங்க.)

நம்ம கதை 1914-ல் சூடு பிடிக்குது. சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு, கெடிஸையும் அவர் தயாரிச்ச நகரக் கண்காட்சியையும் இங்கே வரவழைச்சார். நோக்கம், நகராட்சியை நடத்துறவங்களுக்கு நகர அமைப்புன்னா என்னன்னு காட்டணும். அப்போ கவுன்சிலர் தேர்தல் இருந்தது, ஆனா வரி கட்டுற கொஞ்சப் பேருக்குத்தான் ஓட்டு. ஜெயிச்சு வந்தவங்களுக்கு ஊர் தெரியும், வரைபடம் தெரியாது. பிளான் போட்ட இன்ஜினியருக்கு வரைபடம் தெரியும், ஊர் தெரியாது. அதனால இன்ஜினியர் ஸ்கேலை வச்சு நேர்க்கோடு போடுவார், கவுன்சில் தலையாட்டும், கோட்டுக்குக் கீழே இருக்கிற வீடெல்லாம் போயிடும். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கோவிச்சுக்க வேண்டாம், நூறு வருஷத்துக்கு முந்தின சங்கதி.

கண்காட்சிப் பொருள்கள் வேற கப்பலில் வந்தது. பழைய நகரங்களின் படம், வரைபடம், போட்டோன்னு பல வருஷம் சேர்த்தது. கிளான் கிரான்ட் என்ற அந்தக் கப்பலை அக்டோபரில் ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடிச்சது. எந்தக் கப்பல்? நம்ம தாத்தா பாட்டி இன்னும் திட்டுறப்ப சொல்ற அதே எம்டன். சென்னையில் குண்டு போட்டுட்டுப் போன ஒரு மாசத்துக்குள்ள நடந்தது இது. கெடிஸ் உட்கார்ந்து அழலை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் அவசரமா வேற படங்களைத் திரட்டி அனுப்பினாங்க. 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி திறந்தாச்சு. மகன் அலஸ்டேரும் கூட இருந்து உதவினான்.

ஹாலில் பேசுறதோட அவர் நிறுத்தலை. தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், பெல்லாரின்னு ஊர் ஊரா போய், சந்து சந்தா நடந்து, நகராட்சிகளுக்கு அறிக்கை எழுதினார். அந்த அறிக்கைதான் பாடப்புத்தகம் மாதிரி. முறை ரொம்ப சிம்பிள். முதல்ல சர்வே, அப்புறம்தான் பிளான். டாக்டர் நோயைப் பார்க்காமல் கத்தியை எடுக்க மாட்டார் இல்லையா, அது போலத்தான். ஒரு நெரிசலான தெருவில் ரொம்ப மோசமான ரெண்டு மூணு வீட்டை மட்டும் எடுங்க, அந்த இடத்தில் ஒரு மரம், நாலு பேர் உட்கார ஒரு சின்னத் திடல், மீதி வீடுகளை ரிப்பேர் பண்ணுங்க. செலவும் குறைவு, குடும்பங்களும் தெருவுக்கு வராது. தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கு நகராட்சி போட்டிருந்த நேர்க்கோட்டு பிளானுக்குப் பதிலா இப்படி ஒண்ணு வரைஞ்சு காட்டினார்.

குளத்தைத் தூர்க்கிறதையும் எதிர்த்தார். கொசு வருதுன்னா மீனை விடுங்க, குளம் ஊரைக் குளிர்ச்சியா வைக்கும்னு வாதாடினார். கேட்டாங்களா? அடுத்த பத்து வருஷத்துக்குள்ள மாம்பலம் ஏரியைத் தூர்த்து தி.நகர் வந்தது. நாம ரங்கநாதன் தெருவில் பர்ச்சேஸ் பண்றோம்.

1917 அவருக்கு மோசமான வருஷம். போரில் அலஸ்டேர் பிரான்சில் செத்துட்டான். அதே நேரம் அன்னா இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் செத்ததை அவரிடம் சொல்லாமல், அவன் முன்னாடி எழுதின கடிதங்களையே கெடிஸ் படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தார். தெரியாமலே அன்னா இறந்துட்டார். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அப்புறம் ஒரு வேலையும் ஓடலை.

அப்புறமும் அவர் வேலையை விடலை. இந்தூரில் பிளேக். கையில் வரைபடத்தோட வர்ற இந்த தாடிக்காரரைப் பார்த்தாலே ஜனங்க பயந்தாங்க, வீட்டை இடிக்கத்தான் வர்றார்னு. கெடிஸ் மகாராஜாவிடம் அதிகாரம் வாங்கி, தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் அறிவிச்சார். அதில்தான் ட்விஸ்ட். எந்தத் தெருக்காரங்க வீட்டை அதிகம் சுத்தம் செஞ்சு ரிப்பேர் பண்றாங்களோ, அந்தத் தெரு வழியாத்தான் ஊர்வலம் போகும். ஊரே குப்பையை அள்ள ஆரம்பிச்சது. ஊர்வலத்தில் பெரிய எலி பொம்மை, கொசு பொம்மை, அழுக்கு அரக்கன். நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுப்பும் மாலையுமா நடந்து வந்தாங்க. அவங்களுக்கு ஊர் கும்பிடு போட்ட காட்சியை, அந்தக் காலத்து ஜாதிக் கணக்கோட வச்சுப் பாருங்க. கடைசியில் அரக்கனை எரிச்சாங்க. 1918-ல் இந்தூர் அறிக்கை ரெண்டு தொகுதியா வந்தது.

அவர் எழுதினதில் பாதிக்கு மேல ஃபைலிலேயே தூங்கியது. சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் 1920-ல் வந்தது, ஆனா நேர்க்கோட்டு ஆசை எங்கேயும் போகலை. 1925-ல் டெல் அவிவுக்கு அவர் போட்ட பிளானை மட்டும் பெரும்பாலும் கட்டினாங்க. கடைசிக் காலத்தில் பிரான்சில் மான்பெலியே போய், அங்கேயும் மாணவர்களுக்கு ஒரு ஹாஸ்டல் கட்டிக்கிட்டிருந்தார். 1932 தொடக்கத்தில் சர் பட்டம் கிடைச்சது. அந்த ஏப்ரலிலேயே அந்த ஹாஸ்டலில் இறந்துபோனார்.