தண்டவாளமும் தண்ணீரும் – சர் ஆர்தர் காட்டன்

கொரட்டூரிலிருந்து நாள்தோறும் மின்ரயிலில் கல்லூரிக்கு வருபவன் நான். 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்ற தென்னகத்தின் முதல் பயணிகள் ரயிலும் எங்கள் தடத்தில்தான் ஓடியது. அதற்கும் முன்பே, எங்கள் ஊருக்கு வடக்கேயுள்ள செங்குன்றத்தில் இருப்புப்பாதை கண்டவர் சர் ஆர்தர் காட்டன்.

1803-ல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், இளம் பொறியாளராக 1821-ல் சென்னைக்கு வந்தார். 1836-ல் கொள்ளிடத் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, சாலை போடச் செம்புறைக்கல் ஏற்றிவருவதற்காகச் செங்குன்றம் இருப்புப்பாதை அவர் முயற்சியால் இயங்கியது. நீராவி எஞ்சினும் அதில் ஓடியது. ரேவாரி ரயில் பாரம்பரிய அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற ‘ஃபேரி குயின்’ 1855-ல் செய்யப்பட்டதுதான்! செங்குன்றத்து எஞ்சினை அங்கும் காண முடியாது; பெரம்பூர் அருங்காட்சியகத்திலும் காண முடியாது.

கோதாவரியில் தவளேசுவரம் அணையை 1852-ல் முடித்த காட்டன், பின்னாளில் ரயிலுக்கே எதிராக நின்றார் என்பது நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். 1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். இருப்புப்பாதையில் கொட்டும் பணத்தைப் பாசனமும் படகுப் போக்குவரத்தும் தரும் கால்வாய்களுக்குச் செலவிட வேண்டும் என்று 1878-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் வாதாடினார். குழு ஏற்கவில்லை. ரயில் இல்லையேல் நிவாரண தானியம் எப்படி வந்திருக்கும் என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான். ஆயினும் விளையாத தானியத்தை எந்த எஞ்சின் இழுத்துவரும்?

1899-ல், 96-ஆம் வயதில் காட்டன் மறைந்தார். கோதாவரிக் கரை உழவர்கள் இன்றும் அவர் சிலைக்கு மாலையிடுகிறார்கள்.