அம்ப்ருவாஸ் பாரே

இன்று அறுவை மருத்துவர் என்றால் எவரும் எழுந்து வணக்கம் செலுத்துகின்றனர். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் நிலைமை அவ்வாறில்லை. பிரெஞ்சு நாட்டில் மருத்துவத் தொழில் மூன்று படிகளாகப் பிரிந்து கிடந்தது. பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழியில் கற்றுத் தேறிய மருத்துவர் மேற்படியில் இருந்தனர். கத்தி எடுப்பது தம் தகுதிக்குக் குறைவென அவர்கள் கருதினர். பாரிஸ் நகரத்துச் செயின்ட் கோம் கழக அறுவையாளர் அடுத்த படியினர். கடைசிப் படியில் முடிதிருத்துவோர் நின்றனர். சவரம் செய்தல், குருதி வடித்தல், கட்டி கீறுதல், புண் கட்டுதல் யாவும் அவர்கள் கைத்தொழில். சீழையும் குருதியையும் தொட்டவன் தாழ்ந்தவன், தொடாது நூல் படித்தவன் உயர்ந்தவன் என்னும் இவ்வழக்கம் நம் சமுதாயத்தார்க்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாதது.

அக்கடைசிப் படியிலிருந்து வந்தவரே அம்ப்ருவாஸ் பாரே. 1510ஆம் ஆண்டளவில் லாவால் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இலத்தீன் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. முடிதிருத்துவோரிடம் தொழில் பயின்று, பின்னர்ப் பாரிசின் ஓத்தேல் தியே மருத்துவமனையில் ஏழை நோயாளிகளிடையே சில ஆண்டுகள் பணியாற்றினார். அதுவே அவருக்குப் பல்கலைக்கழகம்.

பிரெஞ்சுப் படையுடன் இத்தாலிக்குச் சென்றபோது, 1537 அளவில், துரின் போரில் அவர் வாழ்வின் திருப்பம் நேர்ந்தது. வெடிமருந்து நஞ்சு என்றும், குண்டு பட்ட புண்ணில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினாலன்றி நஞ்சு நீங்காது என்றும் நூல்கள் கூறின. பாரேயும் அவ்வாறே செய்து வந்தார். ஒரு நாள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கரு, ரோஜா எண்ணெய், டர்ப்பன்டைன் மூன்றையும் கலந்து எஞ்சிய வீரர்களுக்கு இட்டார். எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் நஞ்சேறி மாண்டிருப்பார்களோ என்னும் அச்சத்தால் அவ்விரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து சென்று பார்த்தார். களிம்பு இட்டவர்கள் வலி குறைந்து அமைதியாகக் கிடந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலும் வீக்கமுமாகத் துடித்தனர். இனி ஒருவரையும் அவ்வாறு சுடுவதில்லை என்று அன்றே உறுதி பூண்டார். நூலைவிடக் கண்ணை நம்பிய அத்துணிவை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1545இல் இதனை நூலாக எழுதினார். தாய்மொழியாகிய பிரெஞ்சில் எழுதியமையால், இலத்தீன் அறியாத அவர் போன்ற தொழிலாளர் கைகளுக்கு அந்நூல் சென்றது. 1552இல் கால் வெட்டிய இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடாமல், குருதிக் குழாய்களை நூலால் கட்டினார். நாளம் கட்டுதல் பண்டையோரும் அறிந்ததே. உறுப்பு நீக்கத்தில் அதனைக் கையாண்டு பரப்பியது அவர் பெருமை. செயற்கைக் கை கால்களுக்கும் வடிவம் வகுத்தார்.

நான்கு மன்னர்களுக்கு அறுவையாளராக விளங்கினார். 1554இல் செயின்ட் கோம் கழகம், அவருக்கு இலத்தீன் வாராது என்றறிந்தும், அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் 1575இல் அவருடைய நூல்கள் ஒன்றாய்த் தொகுக்கப்பட்டபோது, பாரிஸ் மருத்துவப் புலத்தார் வெகுண்டெழுந்து தடுக்க முயன்றனர். 1585இல், எழுபது வயது கடந்த நிலையில், தாம் போர்க்களங்களில் கண்டவற்றையே சான்றாக வைத்து அவர் மறுமொழி எழுதினார். அவரிடமும் பிழை உண்டு. விந்தைப் பிறவிகள் பற்றிய அவர் நூலில் நம்பத்தகாத கதைகள் பல. அது அக்காலத்தின் குறை. ஆங்கிலத்திற்கு அஞ்சி அறிவியல் பாடத்தை விட்டு விலகும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களை எண்ணியே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

1590 டிசம்பர் 20ஆம் நாள் பாரே பாரிசில் காலமானார். பிரான்சில் 1743இலும் இங்கிலாந்தில் 1745இலும் அறுவையாளர் முடிதிருத்துவோரிடமிருந்து பிரிந்து தனித் தொழிலினராயினர். இங்கிலாந்தில் தேர்ந்த அறுவை மருத்துவர் இன்றும் டாக்டர் என்னும் பட்டத்தை விடுத்து மிஸ்டர் என்றே பெருமையுடன் அழைக்கப்படுவது அப்பழைய கடையின் எச்சமேயாகும்.