பெஸண்ட் அம்மையாரும் கர்ப்பத்தடையும்

ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக 1917-ல் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டு, அவ்வாண்டே கல்கத்தா காங்கிரஸில் தலைமை வகித்த ஸ்ரீமதி அன்னி பெஸண்ட் அம்மையாரை நம்மவர் நன்கறிவர். அதற்கு 40 வருஷங்களுக்கு முன்னரே, கர்ப்பத்தடையைப் பற்றிய ஒரு சிறு நூலுக்காக அவர் லண்டனில் குற்றவாளியாக நின்ற வரலாற்றை அறிந்தவர் சிலரே. கைபேசிச் செயலிகளைக் கொண்டு கர்ப்பத்தடை செய்வோர் பெருகிவரும் இந்நாளில் அவ்வரலாறு நமக்கு வேண்டற்பாலது.

1847-ல் பிறந்த அம்மையார், இருபதாம் வயதில் ஒரு பாதிரியாரை மணந்து இரு மக்களைப் பெற்றார். மத விஷயத்தில் வேற்றுமை முற்றவே 1873-ல் கணவரைப் பிரிந்து, நாஸ்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவுடன் பொதுப்பணியில் இறங்கினார். அமெரிக்க வைத்தியர் சார்லஸ் நோல்டன் 1832-ல் எழுதிய கர்ப்பத்தடை நூலை விற்ற வியாபாரி ஒருவர் தண்டிக்கப்படவே, 1877-ல் இருவரும் அதனைத் தாமே பதிப்பித்து, ஆறு பென்ஸ் விலைக்கு விற்கலாயினர். விற்பனையைப் போலீஸாருக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் செய்தனர். ஏழைத் தாய்மார் ஓயாப் பிரசவத்தால் நலிவதைத் தடுக்கும் அறிவு, ஏழைகளுக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டுமென்பதே அவர்கள் நோக்கம்.

வழக்கில் அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார். நூல் ஒழுக்கத்தைக் கெடுப்பது, பிரசுரித்தவர்களிடம் தீய எண்ணமில்லை என ஜூரர் கூறினர். ஆறு மாதச் சிறையும் 200 பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. ஆட்சேபிக்கப்பட்ட வாசகங்களைக் குற்றப்பத்திரிகை எடுத்துக்காட்டவில்லை என்னும் சட்டக் குறையால், 1878-ல் அப்பீலில் தண்டனை ரத்தாயிற்று. எனினும் அதே வருஷம், அவருடைய நாஸ்திகத்தையும் இந்நூலையும் காரணங் காட்டி, மகள் மேபலை நியாயஸ்தலம் அவரிடமிருந்து பிரித்தது. சிறை தப்பியவர் குழந்தையை இழந்தார்.

இதற்குள் நூல் லட்சத்திற்கு மேல் விற்றுவிட்டது. அம்மையாரும் இவ்விஷயமாகத் தனி நூல் இயற்றினார்; பிரம்மஞானத்தைத் தழுவியபின், 1891-ல் அதனைத் தாமே திரும்பப் பெற்றார். 1893-ல் இந்தியா வந்து, 1933-ல் அடையாற்றில் காலமானார். பிற்காலத்தில் அவர் மனம் மாறினும், அவர் திறந்த கதவு மூடப்படவில்லை.

நிற்க. நோல்டன் கூறிய கழுவு முறையை இன்றைய வைத்தியம் பயனற்றதெனத் தள்ளிவிட்டது. உடலுஷ்ணத்தையும் மாதவிலக்கு நாட்களையும் கணக்கிடும் செயலியொன்றை அமெரிக்க சர்க்கார் 2018-ல் அனுமதித்தது. அதனைச் சாதாரணமாக உபயோகிக்கும் 100 ஸ்திரீகளில் வருஷத்திற்கு ஏறக்குறைய 7 பேர் கருவுறுகின்றனர். வேறொரு மாதவிலக்குச் செயலி, ஸ்திரீகளின் அந்தரங்க விவரங்களை விளம்பரக் கம்பெனிகளுக்கு அளித்ததென்னும் புகாரின்மேல், 2021-ல் அந்நாட்டு வர்த்தகக் கமிஷனுடன் உடன்படிக்கைக்கு வர நேர்ந்தது.

தன் உடலைப் பற்றிய அறிவு ஸ்திரீக்குக் கிட்ட வேண்டுமென்று அம்மையார் போராடினார். அவ்வறிவு பிழையற்றதாயிருத்தலும், அவளுடைய இரகசியம் அவளிடமே தங்குதலும் இன்று அதனோடு சேர்த்துக் கோரப்பட வேண்டியவை. இதனைச் சட்டத்தால் உறுதி செய்யும்வரை நம் தேசபக்தர்கள் ஓயலாகாது.