கரும்பின் காவலைக் கடந்தவர்: ஸர் டி. எஸ். வெங்கடராமன்

பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களின் குடியானவர் கரும்புக் கரணையை நடுவர்; விதையை விதைப்பதில்லை. கரும்பு பூத்து விதைக்கும் என்பதையே நம்மவரில் பலர் அறியார். கொல்லையிற் சோளமும் ஆற்றோரத்தில் நாணலும் சொரியும் மகரந்தம் காற்றோடு சென்று கரும்பின் பூங்கதிரிலும் படியக்கூடும். ஆயினும் இக்குலங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுவதில்லை. ஏன்? இவ்வினாவோடு தம் வாழ்நாளைக் கழித்தவர் 1884-இல் பிறந்த வெங்கடராமன்.

பூக்குஞ் செடிகள் தம் குலத்தைக் காக்கும் வழிகள் பல. வெவ்வேறு பருவத்தில் மலர்வது ஒன்று. நிறத்தாலும் மணத்தாலும் தமக்கேற்ற வண்டினத்தை மட்டும் அழைத்துக்கொள்வது மற்றொன்று. கரும்பு, சோளம், மூங்கில் யாவும் காற்றை நம்பிய புல்லினமாதலின் வண்டுக் காவல் அவற்றுக்கு உதவாது. பூவின் உள்ளேயே காவல் வேண்டும். அந்நிய மகரந்தம் சூல்முடியில் விழுந்தால் முளையாது கிடக்கும். முளைத்தாலும் அதன் குழல் சூலை எட்டுமுன் நின்றுவிடும். எட்டிக் கருவுற்றாலும் கரு வாடும். அதையும் தப்பிப் பிறந்த செடி பெரும்பாலும் மலடு.

1912-இல் கோயமுத்தூரில் நிறுவப்பெற்ற கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் துரைக்குத் துணையாயிருந்து, பின்னர் அவரிடத்திற்கு வந்தவர் வெங்கடராமன். தென்னாட்டுத் தடிக்கரும்பு வடநாட்டுக் குளிரைத் தாங்காது. வடநாட்டுக் கரும்போ மெலிந்தது. நாணல் கரும்புக்கு நெருங்கிய உறவாதலின் அங்கே காவல் சற்றுத் தளர்வு. ‘வெள்ளை’ என்னும் நம் கரும்பைத் தாயாக்கி நாணலின் மகரந்தத்தைச் சேர்த்ததில் பிறந்தது கோ. 205. 1918-இல் அது பஞ்சாபிற்குச் சென்றது. நாற்றுக்களுள் மிகப் பலவற்றைக் கழித்தெறிய வேண்டும். நல்லது ஒன்று கிடைத்தாற் போதும், கரணையால் அதைத் தேசமெங்கும் பெருக்கலாம். இன்று பாகூர்க் கழனியில் நிற்கும் ஆலைக் கரும்பின் முன்னோரிலும் நாணல் உண்டு.

அவர் அத்துடன் அமையவில்லை. விரைவில் முற்றும் கரும்பை நாடிச் சோளத்தோடு கலந்தார். பின் மூங்கிலோடும் முயன்றார். தூரத்து உறவிற் காவல் கடுமை. அம்முயற்சிகள் உலக விஞ்ஞானிகளை வியக்கச் செய்தன. எனினும் வயல்களை ஆண்டவை நாணலின் சந்ததியே.

அக்காலத்தில் நாம் ஜாவாச் சர்க்கரையை வாங்கித் தின்றோம். 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் சில ஆண்டுகளில் அவ்விறக்குமதி பெரும்பாலும் ஒழிந்தது. சுங்கவரிக்கே அப்புகழைச் சூட்டுவோரோடு நாம் உடன்படோம். ஆலைக்கேற்ற கரும்பு வயலில் இல்லையேல் வரிச்சுவர் எதைக் காத்திருக்கும்? அன்னிய சர்க்காரின் ஊதியம் பெற்றவர்தாம். உழைப்பின் பலனோ தேசத்தாரைச் சேர்ந்தது.

1937-இல் ஹைதராபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸிற்கு அவர் தலைமை வகித்தார். தலைமையுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கரும்பன்று, இந்தியக் கிராமம். சுதந்திர இந்தியா 1956-இல் அவருக்குப் பத்மபூஷண் அளித்தது. 1963-இல் அவர் காலமானார்.